நிலக்கரி இல்லையென்று நான் எழுதிய அறிக்கை

அன்பு மகள் ஷெரினுக்கு, பசுமலையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் தயவில் நடமாட்டமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் உன்னைச் சளி காய்ச்சல் அண்டக் கூடாதென்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, தல்லாகுளம் வரை ஸ்கூட்டரிலேயே போய்வருகிறார். ஜெஸி சித்திக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், அப்படியே உன் மூக்கு. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இனிமேல் எழுதப்போவதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சமயநல்லூர் பக்கம் நான் மேனேஜராக இருந்த சாயப்பட்டறையில், வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துண்டுகளுக்குச் சாயமேற்றி அனுப்புவது உனக்குத் தெரியும். என்ன எரிக்கிறோம், எவ்வளவு புகை விடுகிறோம் என்று வருடாவருடம் அறிக்கை கொடுத்தால்தான் அவர்கள் ஆர்டர் தருவார்கள். போன வருடம் நான் எழுதி நீ இங்கிலீஷ் திருத்திக் கொடுத்தாயே, நிலக்கரியை அடியோடு நிறுத்திவிட்டோம், கூரை சோலாரிலேயே எல்லா வெந்நீரும் காய்கிறது என்று, அது பொய். பாதிக் கூரைக்குத்தான் சோலார் போட்டோம், பாய்லரில் கரி எரியாத நாள் கிடையாது. "எழுதுங்க மேடம், எப்படியும் மாத்தத்தானே போறோம்" என்றார் முதலாளி, நானும் எழுதினேன். சின்னத் தொழில்களாலும் இது முடியும் என்று அரசாங்கத்துக்குக் காட்ட, சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்யும் உன் ஆபீஸின் கட்டுரையில் நீ அதைச் சேர்த்து, எங்கம்மா கம்பெனி என்று பெருமையாகச் சொன்னபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை, சந்தோஷப்பட்டேன்.

போன மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஓர் அம்மாள் வந்தார். அன்றைக்குப் பாய்லரை அணைக்கவும், கரிக்குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடவும் நானே சொன்னேன். அவர் நேரே பாய்லர்காரர் முத்துக்கருப்பனிடம் போய்க் கேட்டார். முத்துக்கருப்பன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதப் பத்தவச்சு வருசமாச்சுங்க" என்றார். நகக்கண்ணெல்லாம் கரி, ஷெரின். சாயங்காலம் என்னிடம் வந்து, "வேலை போயிருமேன்னுதான் சொன்னேன் மேடம். இம்புட்டுக் கரியையும் எங்கையாலதான அள்ளிப் போடுறேன், எம்மகளுக்கு இந்தப் புகையிலதான் இளைப்பு வந்துச்சு. அத இல்லைன்னு என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்துபோய் நற்கருணை வாங்கக் கால் வரவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா கேட்டதும் எல்லாம் சொன்னேன். "எழுதினது நீ, திருத்த வேண்டியதும் நீதான்" என்றார். மறுநாளே அந்த அம்மாளுக்கு உள்ளதை எழுதினேன், முத்துக்கருப்பன் சொன்ன பொய்யும் என்னுடையதுதான் என்று எழுதினேன். முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். கம்பெனிக்காரர்கள் ஆர்டரைக் குறைத்து, பாய்லரை மாற்ற ஒரு வருடம் தவணை கொடுத்திருக்கிறார்கள், மீதிக் கூரைக்குச் சோலார் ஏறுகிறது. ஆனால் ஆர்டர் குறைந்ததில் மூன்று பேருக்கு வேலை போய்விட்டது. முதலிலேயே உண்மையை எழுதியிருந்தால் அந்தத் தவணை அப்போதே கிடைத்திருக்குமாம், அந்த அம்மாள் பதிலில் எழுதியிருந்தார். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

உன் கட்டுரையிலிருந்து எங்கள் பட்டறையை எடுத்துவிடு அம்மா. ஏனென்று யாரும் கேட்டால், தப்பாக எழுதியது என் அம்மா என்றே சொல், எனக்காக நீயும் ஒரு பொய் சொல்லிவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். படித்ததும் போன் பண்ணு, திட்டுவதற்காகவாவது பண்ணு.

உன் அம்மா,
ஆனிமேரி