பையில் சேர்த்த கிளவுஸ்

கனிஷ்கா அப்பாவுக்கு,

குன்னூர்ல நான் நல்லா இருக்கறனுங்க. நீங்களும் பாப்பாவும் சொகந்தானுங்களா? அவளுக்குச் சளி விட்டுதுங்களா? இதப் போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

லாட்ஜ்ல பாத்ரூம் கழுவறதுக்கு எங்களுக்கு ரப்பர் கிளவுஸ் குடுப்பாங்க. நான் அதப் போடாம, பிளீச்சிங் தண்ணியில வெறுங்கையோட கழுவிட்டு, புதுசாவே பையில சேத்து வச்சனுங்க. சிமெண்ட் கொழைச்சு உங்க கை வெடிச்சுக் கெடக்குதே, தீவாளிக்கு வரப்பக் குடுக்கலாம்னுதான். இப்ப என்ற வெரலிடுக்கும் வெடிச்சுப்போச்சு.

நேத்து மேனேஜரம்மா என்ற கையப் பாத்துட்டு, குடுத்த கிளவுஸெல்லாம் எங்கேன்னு கேட்டு, எல்லார்த்துக்கும் முன்னால பையத் தொறக்கச் சொல்லிட்டாங்க. அத்தனையும் மடிப்புக் கலையாமக் கெடந்துது. திருடின்னு யாரும் சொல்லல. வேற பக்கம் பாத்துக்கிட்டாங்க. உங்களுக்குன்னு சொன்னதுக்கு, "சிமெண்ட்டுக்கு இது ஒரு நாள் தாங்காதும்மா, அதுக்குக் கெட்டியானது வேற இருக்குது. இது உன்ற கைக்குத்தான்"னாங்க. அங்கயே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துதுங்க.

ஆஸ்பத்திரியில களிம்பு குடுத்திருக்காங்க, பயப்படாதீங்க. கிளவுஸுக்குள்ள வேர்த்தாலும் புண்ணாகுமாம். உள்ளுக்குப் போட்டுக்கப் பருத்தித் துணியில உறை தெச்சுக்கச் சொன்னாங்க. உங்க பழைய வேட்டி ஒண்ணு பஸ்ல குடுத்துவிடுங்க. நீங்களும் கெட்டிக் கிளவுஸ் வாங்கிப் போடுங்க.

ரூம் கழுவக் கூப்பிடறாங்க. வேட்டியத் தொவைக்க வேண்டாங்க. நீங்க கட்டி அவுத்ததையே அனுப்புங்க.

ஜோதிமணி