சாவியை எடுத்த பிறகும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் பாட்டுக்கு முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, திடமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. துணி மூட்டைகளைத் தலையிலா சுமக்க முடியும், அதனால் அப்பா போன பிறகு எட்டு மாதம் ஷெட்டில் சும்மா கிடந்த அந்தப் பழைய டீசல் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், படித்துவிட்டு அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்காதே.

போன மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி வெளியே எடுத்தும் விட்டேன், இன்ஜின் நிற்கவில்லை. சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது, வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து எண்ணியதும் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிற்று. மறுநாள் இருபது எண்ணினேன், வாரக் கடைசியில் நூறு. அதோடு விட்டதா? பின் இடது கதவின் பூட்டுக் குமிழ் தானாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. எதிர்வீட்டு டீச்சர் ஒரு நாள் பின்னால் ஏறிக்கொண்டு வந்தார், பாதி வழியில் டக்கென்று சத்தம், யாருங்க பூட்டினது என்று கேட்டார், நான் இல்லை என்றேன். அவர் குமிழை மேலே இழுத்துவிட்டார், அது கண்ணெதிரே மெல்ல இறங்கியது, யாரோ விரல் வைத்து அமுக்குகிற மாதிரி. அடுத்த திருப்பத்திலேயே இறங்கி, எனக்கு நடந்தாத்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் போனவர்தான், இன்றுவரை நடக்கிறார். உன்னிடம் மறைப்பானேன், ஒரு நாள் இன்ஜின் நிற்காமல் ஓடியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, போதுங்க, நிறுத்துங்க என்று வாய்விட்டுச் சொன்னேன், சொன்ன அந்த நொடியில் நின்றது. மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் கண்ணு, பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அப்புறம் தினமும் சொன்னேன், சில நாள் கேட்டது, சில நாள் கேட்கவில்லை, உங்கப்பா உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே. அதனால்தான் மெக்கானிக்கிடம் போக மனமே வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு காலையும் வைத்து, முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து அமுக்கினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போன ஒருவரின் பின்சக்கரத்துக்கும் வண்டிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவர் என்னைத் திட்டவில்லை, பின் சீட்டைப் பார்த்து, குழந்தைய வெச்சுக்கிட்டு இப்படியாம்மா ஓட்டுவீங்க என்று கேட்டுவிட்டுப் போனார். பின் சீட்டில் அன்றைக்குத் துணி மூட்டைகூட இல்லை. நேராக மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். காதுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியை இன்ஜின் பக்கமும் வைத்து டாக்டர் மாதிரி கேட்பார். கேட்டுவிட்டு, பேயும் இல்ல பிசாசும் இல்லம்மா, காத்து கசியுது என்று சிரித்தார். இந்த வண்டியில் பிரேக்கை இலகுவாக்குவது, கதவுகளைப் பூட்டுவது, சாவியைத் திருப்பினால் டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்துவது எல்லாமே காற்றை உறிஞ்சுகிற ஒரே பம்பை நம்பித்தான் இருக்கிறதாம், எங்கேயாவது ஒரு குழாயில் கசிந்தால் எல்லாவற்றுக்கும் வலு போய்விடுமாம். முள் வைத்த சின்னக் கைப்பம்பை ஒவ்வொரு குழாயிலும் மாட்டி அமுக்கினார், முள் ஏறி நின்றால் குழாய் நல்லது, சரிந்தால் கெட்டது. பிரேக்குக்குப் போகிற வால்வு கெட்டிருந்தது, மாற்றினார். கதவுகளுக்குப் போகிற குழாயில் மாட்டினால் முள் நிற்கவேயில்லை. அதை விரலால் அடைத்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார், இன்ஜின் சட்டென்று நின்றது, பாத்தீங்களா என்றார். எனக்கோ உங்கப்பாவை இரண்டாம் தடவை வழியனுப்பிய மாதிரி இருந்தது.

ஒவ்வொரு கதவாகத் தேடி, கடைசியில் பின் இடது கதவின் உள்பலகையைக் கழற்றியவர் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே பூட்டுக்குப் போகிற இரண்டு குழாய்களும் கத்தியால் வெட்டப்பட்டிருந்தன. ஒன்றின் வாயில் சிவப்புப் பென்சில் துண்டு இறுக்கிச் செருகியிருந்தது, இன்னொன்றில் இருந்த நீலத் துண்டு காய்ந்து சுருங்கிக் கழன்று கதவின் அடியில் கிடந்தது. கசிவு அங்கேதான். உன் கலர் பென்சில்கள், கண்ணு. நாலு வயதில் நாங்கள் மருந்துக்கடையில் இறங்கிய நேரத்தில் கதவுகள் பூட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் அந்த சீட்டில் மாட்டிக்கொண்டாயே, அப்பா கண்ணாடியை உடைத்து உன்னை எடுத்தாரே, அதற்குப் பிறகுதான் வெட்டியிருக்க வேண்டும். மகள் உட்காரும் கதவு இனிமேல் பூட்டவே கூடாது என்று முடிவு செய்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். அந்தப் பழைய கதையைச் சொல்லி, அப்படியானால் குமிழ் எப்படி இறங்கிற்று என்று கேட்டேன். காதுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். இருபது வருஷமா இதுக்குக் காத்தே போகலம்மா, இது தானா அசைய வழியே இல்ல என்றார். திரும்ப இணைக்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றேன், இரண்டு வாயையும் ரப்பர் மூடியால் அடைத்துக் கொடுத்தார்.

இப்போது பிரேக் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது, சாவியைத் திருப்பிய நொடி வண்டி நிற்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடை வாசலில் நிறுத்தி, சாவியைப் பையில் போட்ட பிறகு, பின்னால் டக்கென்று கேட்டது. திரும்பினேன். குமிழ் இறங்கியிருந்தது. கொஞ்சம் மேலே வந்தது, பாதியில் நின்றது, மறுபடி இறங்கிற்று, சின்ன விரலுக்கு வலு போதாத மாதிரி. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன், யாருமில்லை. இத்தனை நாள் அப்பா என்று நினைத்திருந்தேன், அது நீதான், கண்ணு. அன்று உன்னை வெளியே எடுத்தபோது சட்டையெல்லாம் நனைந்து, உதடு வெளுத்து, எனக்குப் பயமே இல்லப்பா என்றாய். நீ அங்கே வெளிநாட்டில் புது வீட்டுக்கு மாறியதிலிருந்து, எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு என்று சொல்லி இரண்டே நிமிடத்தில் போனை வைக்கிறாயே, அதுவும் அதே குரல்தான், பெற்றவளுக்குத் தெரியாதா. வெள்ளிக்கிழமை உனக்கு என்ன நடந்தது? வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறாயா? போனில் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம், ஒரு வெற்றுத் தாளை உறையில் போட்டு அனுப்பு, நான் புரிந்துகொள்வேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன், சீருடைகளை முடித்துத் தர வேறொருவரிடம் சொல்லிவிட்டேன்.

யாருக்கும் அஞ்சாமல், நோய்நொடி அண்டாமல், நீ நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, வெற்றுத் தாள் போதும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
அம்மா