தம்பியின் கடலும் என் தேம்ஸும்

அன்புள்ள தவம்,

உமது முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் சுகம், கொஞ்சம் வெட்கம்தான். ஈஸ்டர் லீவுக்கு வட நோர்வேயில தம்பி வீட்டுக்குப் போன எங்கட கௌசி வீடியோவில ஃபியோர்டைக் காட்டினாள். மலைகளை அறுத்துக்கொண்டு கடல் உள்ளுக்கு வாற இடமாம். கரையெல்லாம் பனி, ஆனால் கடல் உறையேல்லை.

"கழுகுக் கூடெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியும், அப்பா."

எனக்குப் பொறுக்கேல்லை. அடுத்தநாள் இங்க லண்டனில தேம்ஸ் ஆத்தங்கரையில நிண்டு நானும் வீடியோ எடுத்துக் காட்டினன். தண்ணி வத்தின நேரம், சேறு மட்டும்தான். தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான்.

"இன்னும் ஒரு கிழமை நிக்கட்டோ, அப்பா?"

"ஓம், நில்லு பிள்ளை."

நீர் தம்பிக்குக் கறித்தூள் அனுப்பினால் உறைப்பைக் கூட்டிவிடும். பஸ் வருது, முடிக்கிறன். இண்டைக்கும் ரெண்டு பேருக்குச் சோறு வச்சதை அவளிட்டச் சொல்லேல்லை.

சண்முகராசா