கீழ்க்கட்டில்காரன் தாளம் போட்ட பாட்டு

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சிரிக்காதே, ஒரு ராப் பாட்டு எழுதியிருக்கிறேன். நான் வேறு கம்பெனிக்கு மனுப் போட்டதை அடுக்குக் கட்டிலில் எனக்குக் கீழே படுக்கும் கீழ்க்கட்டில்காரன் சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். திட்டு விழுந்தது, அவ்வளவுதான். அந்தக் கடுப்பில் எழுதியது. 'கூட இருந்தவன் குழி பறிச்சான், கூடப் பொறந்தவ தோள் கொடுத்தா' என்று தொடங்கும்.

லீவு நாளில் அறையில் பாடினேன். கட்டில் கம்பியில் தாளம் தட்டியது அவனேதான். எங்கள் அறையில் வேறு யாருக்கும் தாளம் நிற்காது. முடிந்ததும், "செம மச்சான். யாருடா அந்தத் துரோகி?" என்று கேட்டான்.

"உனக்குத் தெரியாதுடா" என்றேன். வேலைக்குப் போகும் கம்பெனி வண்டியில் பக்கத்து இருக்கை, பேக்கிங் மேசையில் எதிர்ப்பக்கம், படுத்தால் கீழ்க்கட்டில். அவனோடு சண்டை போட்டுவிட்டு நான் எங்கே போவது?

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே தந்தது கால்வரை எட்டவில்லை.

பாட்டில் 'அக்காகிட்ட எதையும் மறைச்சதில்ல' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். திட்டிய அன்றே சூப்பர்வைசர் என் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்னும் தரவில்லை.

வண்டி ஹாரன் அடிக்கிறது, போகிறேன். அம்மாவுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை என்றே இருக்கட்டும்.

உன் தம்பி