மேலறைக் கதவின் அரக்கு

இன்சீன், ரங்கூன்
14-12-2009

அன்புள்ள சொர்ணத்துக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சோறு நானே வடிக்கிறேன், தினமும் குழைகிறது, தினமும் சாப்பிடுகிறேன். பினாங்கில் நீ, கலா, மாப்பிள்ளை, குழந்தை எல்லாரையும் மாரியம்மன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்தேழாம் தேதி பேரனுக்குப் பேர் வைக்கும் விசேஷத்துக்கு என்னால் வரமுடியாது. லீவை ரத்து செய்துவிட்டார்கள். என் பாஸ்போர்ட்டையும் வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். இந்த இடத்தில் நீ காகிதத்தைக் கீழே போட்டுத் திட்டத் தொடங்கியிருப்பாய். திட்டு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். திட்டி முடித்ததும் மிச்சத்தையும் படி.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு நடனக் குழு எங்கள் அரங்கத்துக்கு வந்தது. அவர்களுடைய விளக்குக்காரர் பழனியப்பன், நம் ஆள்தான். விளக்குகளை இயக்கும் கன்சோலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எங்கள் கன்சோல் மாடியில் மேலறையில் இருப்பது உனக்குத் தெரியும். அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாக மேடைக்கு மேலே இருக்கும் பெட்டிகளுக்கு உத்தரவு போகும், அவை விளக்குகளை ஏற்றி இறக்கும். பழனியப்பனுடையதை ஹால் நடுவில் வைத்து, சுவரில் இருக்கும் நெட்வொர்க் பிளக்கில் சொருகினோம். ஒரு விளக்குகூட அசையவில்லை. அவர் கன்சோலின் முகவரி எண் வேறு வரிசையில் இருந்தது. மாற்றினோம், அப்போதும் இல்லை. எங்கள் பெட்டிகள் ஒன்றிலிருந்து எண்ணுகின்றன, அவருடையது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது! அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போயிற்று. விளக்கு எரிந்ததும், அட எரியுதுண்ணே என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வெளிநாட்டார் வந்தால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. அரசாங்க மிஷினை யாரும் தொட்டுவிடக்கூடாது என்று மேலறையைப் பூட்டி, கதவில் காகிதம் ஒட்டி, மேனேஜர் ஊ சோ மின், கணக்கர் டோ கின் லே, நான் மூவரும் கையெழுத்துப் போட்டு அரக்கு வைப்போம். திறக்கவேண்டுமானால் மூவரும் ஒன்றாக நிற்கவேண்டும். நான் எங்கள் கன்சோலை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதன் கேபிளைப் பிடுங்கவில்லை. இங்கேதான் என் புத்தி மழுங்கிப்போனது. நம் ஊர் கரண்ட் லட்சணத்துக்காக, கரண்ட் போய்த் திரும்பினால் தானாக எழுந்துகொள்ளும்படி அந்தக் கன்சோலை அமைத்தவனே நான்தான்.

சனிக்கிழமை பகல் காட்சி. பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. பழனியப்பனுடையது பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பூட்டிய அறைக்குள் எங்களுடையது கண் விழித்து, எல்லா விளக்கையும் அணை என்று உத்தரவு போட ஆரம்பித்தது. இவர் ஏற்று என்கிறார், அது அணை என்கிறது. மேடை முழுக்க விளக்குகள் துடித்தன. பன்னிரண்டடி உயரத்தில், பிடிமானம் இல்லாத படியில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த படி தெரியாமல் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். பழனியப்பனுடையதைப் பிடுங்கினால் முழு இருட்டு. ஹால் விளக்கும் அதே நெட்வொர்க்.

மாடிக்கு ஓடினேன். டோ கின் லே ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் ஒரு தான விருந்துக்குப் போயிருந்தார். ஊ சோ மின், பொறு, மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அறைச் சாவி என் சட்டைப்பையில். குறுக்கே இருந்தது ஒரு காகிதமும் கொஞ்சம் அரக்கும்தான். கிழித்தேன். உள்ளே போய்க் கேபிளைப் பிடுங்கினேன். கீழே எட்டிப்பார்த்தபோது அந்தப் பெண் கடைசிப் படியில் கால் வைத்திருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி வீட்டம்மா, அந்த மின்னல் காட்சி பிரமாதம் என்றாராம். சிரிப்பதா அழுவதா சொல்லு.

மறுநாள் விசாரணை. முத்திரையை உடைத்தது யார் என்று கேட்டார்கள். பழனியப்பன் என்னைத் தனியே கூப்பிட்டு, நான் உடைச்சேன்னு எழுதிடுங்கண்ணே, நான் ஊருக்குப் போயிடுவேன், உங்களுக்குத்தான் பேரன் விசேஷம் இருக்கே என்றார். ஊ சோ மினுக்கும் அது பிடித்திருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வெளிநாட்டுக்காரன் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறினால் ஏர்போர்ட்டில் அவரை நிறுத்திவைப்பார்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடிய மூன்று மாதம் ஆகுமாம், அதுவரை லீவு கிடையாது. இந்தக் கடிதத்தை அவர்தான் கொண்டுபோய்ச் சிங்கப்பூரில் தபாலில் சேர்க்கிறார், அதனால் விசேஷத்துக்கு முன்பே உனக்குக் கிடைத்துவிடும்.

கலாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்லவேண்டும். தன் கல்யாணத்துக்கு நான் வராதபோது அவள், அப்பாவுக்கு என்னைவிட விளக்குதான் பெரிசு என்று சொல்லி அழுததை நீ மறைத்தாய். மாப்பிள்ளை போனில் உளறிவிட்டார். அன்று அவள் சொன்னது சரிதான். சிறப்புக் காட்சி இருந்தது, நான் லீவே கேட்கவில்லை. உன்னிடம்கூட, லீவு கேட்டேன், தரவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கேட்டேன் சொர்ணம். நாலு தடவை எழுதிக் கேட்டு வாங்கினேன். இதை மட்டும் அவள் நம்பும்படி சொல்.

எனக்காக நாளைத் தள்ளவேண்டாம். குழந்தை காதில் சம்பந்தியே பேரைச் சொல்லட்டும். என் ஆசீர்வாதம் அவனுக்கு எப்போதும் உண்டு. என்ன பேர் என்று அன்றைக்கே எழுதிப்போடு. வீட்டில் யாரும் இல்லை, நான் ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

உன்,
தங்கவேலு