கீழத்தெருவில் குற்றமே இல்லையாம்

ஆடி 3
பூதலூரில் ரயிலை விட்டு இறங்கியதும் காற்று. கண்ணெல்லாம் மண். குடை போச்சு.
பல்கலைக்கழகக் குற்ற ஆய்வின் முதல் நாள். கீழத்தெரு முழுக்க ஒரே கேள்வி: கடந்த ஓராண்டில் ஏதேனும் குற்றத்தால் பாதிக்கப்பட்டீர்களா? எல்லா வீட்டிலும் ‘இல்லை’. போலீஸ் பதிவிலும் ஒன்றுமில்லை. இரண்டும் பொருந்துவதில் பேராசிரியருக்கு மகிழ்ச்சி. எனக்கு இல்லை. ஒரு வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போர் கருகிக் கிடந்ததே?

ஆடி 4
அது அஞ்சலை அக்காவின் போர். கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். யாரோ கொளுத்தியதாம். நேற்று ஏன் சொல்லவில்லை என்றேன்.
“குத்தத்தத்தானே கேட்டீங்க? நாங்க ஒரு குத்தமும் பண்ணலைங்களே.”
தூக்கிவாரிப் போட்டது. கேள்வியே தப்பு! மாலை பேரா.விடம் ஒரே வாதம். முணுமுணுத்தபடி கேள்வியை மாற்றச் சம்மதித்தார்.

ஆடி 6
புதுக் கேள்வி பலித்தது! இன்று கேட்டது வேறு மாதிரி: யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா, பொருளை நாசம் செய்தார்களா? பெண்களிடம் தனித்தனியாக, ஆண்கள் இல்லாதபோது. கொட்டித் தீர்த்தார்கள். சில பழைய கதைகள். “போன ஆடிப்பெருக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டு, ஓராண்டுக்கு முந்தியதைக் கழித்தேன்.
சரோஜா என்ற பெண்ணின் நாற்றங்காலில் மாட்டை விட்டு மேய்த்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் மோட்டார் ஒயர் அறுப்பு. எல்லோரும் கோயில் குத்தகைக்காரர்கள். எல்லோரிடமும் வந்தவர் அதே ஆள்: ஊர்ப் பண்ணையாரின் காரியக்காரர், கரைவேட்டி கட்டியவர். “நிலத்தை விட்டுடு. வெளியே மூச்சு விடாதே.” பயந்து ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர்கள் சொல்வது வார்த்தை மாறாமல் ஒத்துப்போகிறது. பொய்யாக இருக்க முடியாது.

ஆடி 7
பேரா.: ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், அறிக்கையில் வரும், அது போதும். வாக்கு சரிதான். அறிக்கை வருவதற்குள் நிலம் போய்விடுமே.
ஒரு வழி. ஒருவர் கதையை மற்றவரிடம் சொல்லலாமா என்று சொன்னவர்களிடமே அனுமதி கேட்பது. சரோஜா தலையசைத்தாள். அஞ்சலை அக்கா உடனே: “எனக்கு மட்டுந்தான்னு இருந்தேன். சொல்லுங்க.”

ஆடி 9
தூறல். குத்தகைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு. நான் வாசலோடு சரி. ஒருவர் மட்டும் உள்ளே வரட்டும் என்றார் ஏட்டு.
“அன்னிக்கு ஒத்தையா வந்தேன், தொரத்திவிட்டீங்க,” அஞ்சலை அக்காவின் குரல். “இன்னிக்கு எல்லாரும் வந்திருக்கோம். எழுதுங்க.”
எழுதினார்கள்! மதியம் தாண்டியது. முதலில் வெளியே வந்தவள் சரோஜா. பசிக்கிறது என்றாள். எதிர்க் கடையில் பரோட்டா.