இம்ரான் எடுத்துவிட்ட சொல்

திங்கள், இரவு.

மாமனார் வீட்டில் என்னைக் கம்ப்யூட்டர் ஆள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் சர்வர் அறை ஏசியில் ஒழுகும் தண்ணீருக்கு வாளி மாற்றுகிறவன். என் மனைவி ஸ்டெல்லா இதுவரை காட்டிக்கொடுக்கவில்லை.

எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்ட் ஷாப்பில் தீப்பிடித்தால் கேட்டில் மணி அடிக்க வேண்டும். அந்தச் செய்திக்கு வழிகாட்டும் மெஷினை இன்று மாற்றினார்கள். பழையது லினக்ஸாம், புதியது விண்டோஸாம். நெட்வொர்க் பார்க்கும் இம்ரான், பழையதில் ஓடிய கட்டளையை அப்படியே அடித்தான். அதில் ஒரு சொல் தனக்குத் தெரியாது என்று புதியது சிவப்பில் காட்டியது. மறுபடி அடித்தான். மறுபடியும் சிவப்பு.

"என்ன சார், பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் இப்படித்தான் தெரியாதுன்னுட்டாங்களா?" என்றேன்.

"சும்மா இருங்கண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கடைசியில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு அடித்தான். சிவப்பு வரவில்லை. பையை மாட்டினான்.

"அந்தச் சொல்லு எதுக்கு இருந்துச்சு சார்?"

"தெரியலண்ணா. முன்னாடி இருந்தவரு போட்டது. காலைல மணி அடிச்சுப் பாத்துக்கலாம்."

இன்று ஸ்டெல்லாவுக்கு பெயிண்ட் ஷாப்பில் நைட் ஷிப்ட். போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். ஜூஜுவாடியில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டேன்.

"மணியா? சத்தமே இல்லண்ணா, நிம்மதியா இருக்கு" என்றான் செக்யூரிட்டி.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. இன்று வாளியை மாற்றவில்லை. புது மெஷினை அதன் பக்கத்தில்தான் தரையில் வைத்திருக்கிறார்கள்.